போதை விழிப்புணர்வு பலித்தது என்று நிரூபிப்பது எப்படி?

ஐந்தாம் அத்தியாயத்தை முதலில் எழுதிவிடுங்கள். “விழிப்புணர்வு நிகழ்ச்சிக்குப் பின் மாணவர்களின் மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்பட்டது” என்ற வாக்கியம் அதில் எப்படியும் வரத்தான் போகிறது. உங்களுக்கு முன்னால் இதே தலைப்பில் எம்.எட். முடித்தவர்களின் ஆய்வேடுகளை நூலகத்தில் புரட்டிப் பாருங்கள். அட்டையின் நிறம் மாறியிருக்கும், மாவட்டத்தின் பெயர் மாறியிருக்கும், அந்த வாக்கியம் அப்படியே இருக்கும். பள்ளியில் நடக்கும் போதை எதிர்ப்புக் கல்வியால் பிள்ளைகள் உண்மையிலேயே போதையைத் தொடாமல் இருக்கிறார்களா என்று ஒழுங்காகத் தேடியவர்களும் உலகத்தில் உண்டு. அமெரிக்காவில் ஒரு குழு அதற்குப் பதினைந்து வருஷம் செலவழித்தது. விடை கிடைத்தபோது அது யாருக்கும் பிடிக்கவில்லை. உங்களிடம் இருப்பது இரண்டு பருவம், ஒரு நெறியாளர், வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் கல்யாணப் பேச்சு. எனவே கீழ்க்கண்ட வழிமுறைகளைப் பின்பற்றவும்.

எதை அளப்பது என்பதுதான் முதல் முடிவு. பழக்கத்தை அளக்கப் போகாதீர்கள், அறிவை அளந்தால் போதும். பழக்கம் பையனின் சட்டைப் பைக்குள் இருக்கிறது, கேட்டால் வெளியே வராது. அறிவு வினாத்தாளில் டிக் அடித்ததும் வந்துவிடும். இதில் ஒரே ஒரு ஆபத்து: “போதைப்பொருள் உடலுக்குக் கேடு – சரியா, தவறா?” என்று கேட்டால் நிகழ்ச்சிக்கு முன்பே எல்லாரும் சரி என்று போட்டுவிடுவார்கள், பிறகு உயர்வதற்கு இடமிருக்காது. அதனால் முன்தேர்வைக் கொஞ்சம் கடினமாக்குங்கள். கஞ்சாச் செடியின் தாவரவியல் பெயர் என்ன? போதைப்பொருள் தடுப்புச் சட்டம் எந்த ஆண்டு வந்தது? காலையில் யாருக்கும் தெரியாது. மாலையில் ஒன்பதாம் வகுப்பு முழுக்க 1985 என்று எழுதும். விளையாட்டு மைதானச் சுவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்ற கேள்வி அப்படியே இருக்க, உங்கள் டி-சோதனை மட்டும் அமோகமாக வந்துவிடும்.

இந்த உத்தியின் பெருமையை உலகுக்குக் காட்டியது ‘டேர்’ என்ற அமெரிக்கத் திட்டம். 1983-இல் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைத் தலைவர் டேரில் கேட்ஸும் அந்நகரப் பள்ளி நிர்வாகமும் சேர்ந்து தொடங்கியது. சீருடை போட்ட போலீஸ்காரரே வகுப்புக்கு வந்து பதினேழு பாடம் நடத்துவார். முதலில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, பிறகு மேல் வகுப்புகளுக்கும். டி-ஷர்ட், காருக்குப் பின்னால் ஒட்டும் ஸ்டிக்கர், ஒரு சிங்க பொம்மை, பட்டமளிப்பு விழா எல்லாம் உண்டு. தொண்ணூறுகளில் அந்நாட்டுப் பள்ளி மாவட்டங்களில் முக்கால்வாசியில் இதுதான் ஓடியது. 1994-இல் இத்திட்டம் பற்றிய எட்டு ஆய்வுகளைச் சேர்த்து எடை போட்டார்கள். இந்த மாதிரிக் கணக்கில் 0.2 வந்தாலே ‘சிறிய பலன்’ என்பார்கள். போதைப்பொருள் பற்றிய அறிவுக்கு வந்தது 0.42. போலீஸ் மீதான நல்லெண்ணத்துக்கு 0.13. போதைப் பழக்கம் குறைந்ததற்கு 0.06. அதாவது பிள்ளைகளுக்குப் போலீஸ்காரரைப் பிடித்துப்போன அளவில் பாதிகூடப் போதை பிடிக்காமல் போகவில்லை. மூன்று எண்ணில் எதை அட்டையில் போட வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அளக்கும் நேரமும் முக்கியம். பேச்சு முடிந்து, டீ பிஸ்கட் வருவதற்கு முன், அதே அரங்கத்தில் பின்தேர்வை நடத்திவிடுங்கள். மறுநாளைக்குத் தள்ளினால் மதிப்பெண் கொஞ்சம் வடியும், ஆறு மாதம் தள்ளினால் முழுக்க வடிந்துவிடும். வினாத்தாளைப் பேச்சாளரே வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் மாப்பிள்ளையின் அப்பாவே நின்றுகொண்டு “சாப்பாடு எப்படி?” என்று கேட்டால் என்ன பதில் வருமோ, அதே பதில் உங்களுக்கும் வரும்.

பழக்கத்தைப் பற்றியும் ஒரு கேள்வி இருந்தே ஆக வேண்டும் என்று நெறியாளர் பிடிவாதம் பிடித்தால் பதறாதீர்கள். தாளின் தலைப்பில் “பெயர் எழுத வேண்டாம், உங்கள் விவரம் ரகசியமாக வைக்கப்படும்” என்று அச்சடித்து, அதற்குக் கீழே எமிஸ் எண், வகுப்பு, பிரிவு, பிறந்த தேதி ஆகியவற்றுக்குக் கட்டம் போடுங்கள். பெஞ்சுக்கு நான்கு பேராக உட்கார வைத்து, பி.டி. சாரைப் பிரம்போடு வரிசைக்கு நடுவே நடக்கச் சொல்லுங்கள். “கடந்த முப்பது நாட்களில் புகையிலை, மது, கஞ்சா இவற்றில் எதையேனும் பயன்படுத்தியதுண்டா?” என்ற கேள்விக்கு மாவட்டமே இல்லை என்று சொல்லும். இந்தப் பழக்கத்துக்குச் சமூகவியலில் நீளமான பெயர் உண்டு. பையன்கள் பாஷையில் இதற்குப் பெயர் விவரமாயிருப்பது.

வெளிநாட்டுக்காரர்கள் இந்தப் பொய்யைப் பிடிக்கப் பல வழி வைத்திருக்கிறார்கள். மாணவனே தனக்கொரு ரகசியக் குறியீடு உண்டாக்கிக்கொள்வான்: அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த மாதம் என்று. அடுத்த வருஷத் தாளையும் இந்த வருஷத் தாளையும் அதை வைத்துச் சேர்ப்பார்கள், ஆள் யாரென்று யாருக்கும் தெரியாது. எழுபதுகளில் புகைப்பழக்க ஆய்வுகளில், எச்சிலை எடுத்துச் சோதிக்கப் போகிறோம் என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு கேள்வித்தாளைக் கொடுத்துப் பார்த்தார்கள். உண்மை சொல்பவர்கள் கூடினார்கள். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து பள்ளி மாணவர்களிடம் நடத்தும் ‘எஸ்பாட்’ கணக்கெடுப்பில் இன்னொரு வேடிக்கை. போதைப்பொருள் பட்டியலில் ‘ரெலெவின்’ என்று ஒரு பெயரைச் சேர்த்திருந்தார்கள். அப்படியொரு பொருளே உலகத்தில் கிடையாது. அதையும் சாப்பிட்டதாக டிக் அடிக்கும் வீரனின் தாளைச் சந்தேகத்தோடு பார்க்கலாம் அல்லவா? நல்ல உத்திதான். நம்மூரில் வேண்டாம். நீங்கள் கற்பனையாக ஒரு பெயர் எழுதிக் கொடுத்தால், அடுத்த வாரமே “மாணவர்களிடையே பரவும் புதிய போதை” என்று அது எல்லாப் பள்ளிக்கும் சுற்றறிக்கையாகப் போய்ச் சேரும். அதற்கு அடுத்த வாரம் அந்தப் பெயரில் யாராவது எதையாவது விற்கத் தொடங்கினாலும் ஆச்சரியமில்லை.

பட்டியல் என்றதும் ஞாபகம் வருகிறது. எந்தெந்தப் பொருளைப் பற்றிக் கேட்பது? ஏதேனும் ஓர் அமெரிக்கக் கேள்வித்தாளை எடுத்து அப்படியே மொழிபெயருங்கள். எல்.எஸ்.டி., கொக்கைன், மெஸ்கலின். நம் ஊராட்சி ஒன்றிய எல்லைக்குள் மெஸ்கலின் பழக்கம் அறவே இல்லை என்பது நல்ல கண்டுபிடிப்பு, ஒரு அட்டவணைக்குத் தேறும். கூல் லிப், ஹான்ஸ், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஒயிட்னர், மெடிக்கல் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் வலி மாத்திரை இவற்றை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக நடத்தி 2019-இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பில், முகர்ந்து போதை ஏற்றிக்கொள்ளும் பொருட்களில் மட்டும் பெரியவர்களைப் பிள்ளைகள் மிஞ்சியிருந்தார்கள்: பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுக்குள் 1.17 சதவீதம். பஞ்சர் கடையில் சில்லறைக்குக் கிடைக்கும் ட்யூப்பைப் பற்றி எந்த பேனரிலும் படம் போடுவதில்லை. பேனரில் ஊசிதான் இருக்கும், மண்டையோடு இருக்கும். புகைப்படத்துக்கு அதுதான் எடுப்பு.

அடுத்தது அனுமதி. முதன்மைக் கல்வி அலுவலரின் செயல்முறைகள் ஆணை கைக்கு வந்ததும் தலைமையாசிரியரைப் பாருங்கள். “நம்ம ஸ்கூல்ல அந்த மாதிரி எல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க மேடம். வேணும்னா பக்கத்து ஊரு ஸ்கூல்ல போய்க் கேளுங்க” என்பார். பக்கத்து ஊர் ஹெச்.எம். இதே வாக்கியத்தைச் சொல்லி உங்களை இங்கே திருப்பி அனுப்புவார். இருவரில் யார் சீக்கிரம் கையெழுத்துப் போடுகிறாரோ அந்தப் பள்ளியை எடுத்துக்கொண்டு, முறையியல் அத்தியாயத்தில் ‘எளிய சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டது’ என்று எழுதிக்கொள்ளவும். பெற்றோர் ஒப்புதல் கடிதமும் வாங்குங்கள். கையெழுத்து வாங்கி வராத பிள்ளைகளைச் சேர்க்க வேண்டாம். வீட்டில் கையெழுத்துப் போட ஆள் இல்லாத பிள்ளைகளைப் பற்றித்தான் இந்த ஆய்வே என்று யாராவது சொன்னால், நிதி போதவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

கட்டுப்பாட்டுக் குழு ஒரு தலைவலி. நிகழ்ச்சி நடந்த பள்ளியோடு ஒப்பிட, நிகழ்ச்சியே நடக்காத பள்ளி வேண்டும். தமிழ்நாட்டில் அது எங்கே கிடைக்கும்? ஜூன் 26 வந்தால் சர்வதேசப் போதை ஒழிப்பு நாள். 2022 ஆகஸ்ட் 11-இல் முதலமைச்சர் தொடங்கி வைத்த ‘போதையில்லாத் தமிழ்நாடு’ உறுதிமொழி அதற்குப் பிறகும் ஆகஸ்ட் தோறும் வருகிறது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லாப் பள்ளியும் ஒரே நாளில் கையை நீட்டுகிறது. பேரணி, ஓவியப் போட்டி, ஸ்லோகன் போட்டி, மன்றம். மருந்து சாப்பிடாத ஆளே ஊரில் இல்லை என்றால் மருந்து வேலை செய்ததா என்று எப்படிச் சொல்வது? சொல்லவே முடியாது, அதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு. சீட்டுக் குலுக்கி, பாதிப் பள்ளிகளுக்கு இந்த வருஷம், மீதிப் பள்ளிகளுக்கு அடுத்த வருஷம் என்று பிரித்து நடத்தியிருந்தால் ஒரு காசு கூடுதல் செலவில்லாமல் விடை கிடைத்திருக்கும். இதை நான் கையேட்டுக்கு வெளியே, கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன். நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம்.

எத்தனை பள்ளி? இரண்டு போதும். ஒரு பள்ளிக்கு நூறு பேர் என்று எடுத்து, மாதிரி அளவு 200 என்று போடுங்கள். ஒரே பள்ளியில் படிக்கும் நூறு பேரும் ஒரே வாத்தியாரிடம் படித்து, ஒரே பெட்டிக்கடையில் நின்று, ஒரே சீனியர் அண்ணன்மாரைப் பார்த்து வளர்கிறவர்கள், அவர்களைத் தனித்தனியாக எண்ணினால் கணக்கு ஊதிப்போகும் என்று புள்ளியியல்காரர்கள் சொல்வார்கள். அவர்களை வாய்மொழித் தேர்வுக்குக் கூப்பிடாமல் இருப்பது நல்லது. பள்ளி எண்ணிக்கையில் சிக்கனம் பிடிப்பதில் பிரிட்டிஷ் அரசே உங்களுக்கு முன்னோடி. ‘புளூபிரிண்ட்’ என்று ஒரு போதைக் கல்வித் திட்டம் அங்கே இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. ஏறக்குறைய 60 லட்சம் பவுண்டு செலவு. இங்கிலாந்தில் 23 பள்ளிகளில் பாடம் நடத்தினார்கள், ஒப்பிட்டுப் பார்க்க 6 பள்ளிகள். இந்த எண்ணிக்கையை வைத்துப் பலனைச் சொல்ல முடியாது என்று வல்லுநர்கள் சொல்லியும் வேலை நடந்தது. 2009-இல் அறிக்கை வந்தது. பாடம் எப்படி நடந்தது, ஆசிரியர்களுக்குப் பிடித்ததா, பெற்றோர் வந்தார்களா என்றெல்லாம் விரிவாக இருந்தது. பிள்ளைகளின் போதைப் பழக்கம் குறைந்ததா என்பதை மட்டும் இந்த ஆய்வின் அமைப்பை வைத்துச் சொல்ல இயலாது என்று அதிலேயே ஒப்புக்கொண்டிருந்தார்கள். 60 லட்சம் பவுண்டில் அவர்கள் எட்டிய இடத்தை நீங்கள் ஜெராக்ஸ் செலவில் எட்டிவிடலாம்.

ஆய்வின் நடுவில் மாணவர்கள் காணாமல் போவார்கள். சந்தோஷப்படுங்கள். முன்தேர்வுக்கு வந்து பின்தேர்வுக்கு வராதவன் யார்? பெரும்பாலும் கடைசி பெஞ்சு, நீண்ட நாள் விடுப்பு, டி.சி. வாங்கிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனவன். உங்கள் கேள்விக்கு உண்மையில் பதில் வைத்திருந்தவன் அவன்தான். அவன் போனதும் மீதிப் பேரின் சராசரி தானாக உயரும். இந்த வரவை யாரும் கெடுத்துக்கொள்ளாதபோது, வாஷிங்டன் மாநிலத்தில் ஹட்சின்சன் புற்றுநோய் மையத்துக்காரர்கள் மட்டும் கெடுத்துக்கொண்டார்கள். முன்னே சொன்ன பதினைந்து வருஷக்காரர்கள் அவர்கள்தான். 1984-இல் தொடங்கி 40 பள்ளி மாவட்டங்களைக் குலுக்கிப் பிரித்து, 8,388 பிள்ளைகளை மூன்றாம் வகுப்பிலிருந்து பிடித்து, பத்தாம் வகுப்பு வரை புகைக்கு எதிராகப் பாடம் நடத்தி, பள்ளி முடித்து இரண்டு வருஷம் கழித்தும் தேடிப் போய்க் கேட்டார்கள். ஊர் மாறியவன், படிப்பை நிறுத்தியவன், யாரையும் விடவில்லை. 94 சதவீதம் பேரைக் கடைசிவரை பிடித்து வைத்திருந்தார்கள். அவ்வளவு சிரத்தைக்குக் கிடைத்த பரிசு: பாடம் படித்த மாவட்டத்துக்கும் படிக்காத மாவட்டத்துக்கும் புகைப்பதில் வித்தியாசமே இல்லை. 2000-இல் அதை அப்படியே வெளியிட்டார்கள். இத்துறையில் நான் மதிக்கும் ஆய்வு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். நீங்கள் பின்பற்றக் கூடாத ஆய்வும் இதுதான்.

கொஞ்சம் நாகரிகமான வழியும் இருக்கிறது. கில்பர்ட் போட்வின் என்ற பேராசிரியர் ‘வாழ்க்கைத் திறன் பயிற்சி’ என்ற திட்டத்தை உருவாக்கி, அதன் பலனை அவரே ஆராய்ந்தார். நியூயார்க் மாநிலத்தில் 56 பள்ளிகள், ஆறு வருஷத் தொடர்ச்சி. 1995-இல் வந்த அந்தக் கட்டுரையில் எல்லாரையும் சேர்த்த கணக்கோடு, பாடத்தில் 60 சதவீதமாவது கிடைத்த மாணவர்களை மட்டும் தனியே பிரித்த கணக்கும் இருந்தது. பிரித்த கணக்கில் பலன் பளிச்சென்று தெரிந்தது. டென்னிஸ் கோர்மன் போன்ற விமர்சகர்கள் அதைத்தான் விடாமல் குடைந்தார்கள்: ஒழுங்காகப் பாடம் நடந்த வகுப்புகள் முன்பே ஒழுங்கான வகுப்புகளாக இருந்திருக்கலாமே, ஒப்பிட்ட பள்ளிகளில் அப்படி ஒரு வடிகட்டல் இல்லையே என்று. போட்வினின் திட்டம் மற்றவற்றைவிட எவ்வளவோ யோசித்துச் செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் சமைத்தவரே ருசி பார்த்துச் சான்றிதழும் கொடுப்பது இத்துறையில் சகஜம். உங்கள் நிகழ்ச்சியை வடிவமைத்தவரும் நீங்கள், நடத்தியவரும் நீங்கள், அளந்தவரும் நீங்கள் என்பதை நன்றியுரையில் அடக்கமாகக் குறிப்பிடலாம்.

பேச்சாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது? பயமுறுத்துகிறவராகப் பாருங்கள். அழுகிய நுரையீரல் படம், அடக்கம் செய்த கதை, கடைசியில் எந்தப் பொட்டலம் எந்த ஊர் வழியாக எப்படி ஒளித்துக்கொண்டு வரப்படுகிறது என்று விவரம். கைத்தட்டல் பிய்த்துக்கொண்டு போகும். நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் இரண்டு பேர் இதைச் சோதித்து 1975-இல் எழுதினார்கள். ஒரு குழுவுக்குப் பயமுறுத்தல், ஒரு குழுவுக்கு வெறும் தகவல், இன்னொரு குழுவோடு போதையை ஓரமாக வைத்துவிட்டு அந்த வயதின் பிரச்சினைகளைப் பற்றிப் பேச்சு. பயமும் தகவலும் கிடைத்தவர்கள் ‘ஒருமுறை பார்ப்போமே’ என்று போனது அதிகம், பேசிப் பழகியவர்களிடம் அது குறைவு. அதற்கு இரண்டு வருஷம் முன்பே அமெரிக்காவின் தேசிய ஆணையம் ஒன்று, பலன் தெரியும் வரை பள்ளிகளில் போதைக் கல்வியை நிறுத்தி வைக்கலாம் என்று பரிந்துரைத்திருந்தது. யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஒன்றும் செய்யவில்லை என்ற பெயர் வரும், நடத்தினால் பத்திரிகையில் படம் வரும்.

நல்ல திட்டமும் ஊர் மாறினால் கோணலாகும் என்பதைப் பிரேசில் கண்டது. ஐரோப்பாவில் ஏழு நாடுகளில் சோதித்து ஓரளவு பலன் காட்டிய ‘அன்பிளக்ட்’ பாடத்தை அங்கே அரசே கொண்டுவந்தது. ஒழுங்காகக் குலுக்கிப் பிரித்து ஆராய்ந்ததில், முகரும் போதை குறைந்தது, முதல்முறை மதுவைத் தொட்டுப் பார்ப்பது கூடியது. ஆராய்ச்சிக்காரர்கள் அதை மறைக்காமல் வெளியிட்டு, பாடத்தைத் திருத்தி, மறுபடியும் சோதிக்கப் போனார்கள். இப்படியும் சில பேர் பிழைப்பு நடத்துகிறார்கள்.

(அடைப்புக்குறிக்குள் ஒரு பத்தி, அவசரமானவர்கள் தாண்டிவிடலாம். 51 ஆய்வுகள், 1,27,146 மாணவர்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பின்படி, தகவலை மட்டும் ஊட்டுவதால் பழக்கம் அசைவதில்லை. வேண்டாம் என்று சொல்லப் பழக்குவது, ‘எல்லாரும் அடிக்கிறாங்க’ என்ற நினைப்பை உடைப்பது, கோபத்தையும் கூச்சத்தையும் சமாளிக்கக் கற்பிப்பது இவற்றைச் சேர்த்துச் செய்த திட்டங்களில் சிறியதாக, ஆனால் சீராக, பலன் தெரிந்தது. சிறியது என்றால் சிறியதுதான். அதற்குப் பல வாரங்கள் வேண்டும், வகுப்பைப் பேச விட்டுக் கேட்கத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். அரங்கத்தில் 800 பேரை உட்கார வைத்து மைக் பிடித்தால் வராது. பள்ளிக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-இலேயே சட்டம் இருக்கிறது. அந்தக் கடை இருக்கிறதா இல்லையா என்று நடந்து போய்ப் பார்ப்பதும் ஓர் ஆய்வுதான். அதற்கு எஸ்.பி.எஸ்.எஸ். தேவையில்லை, செருப்பு போதும்.)

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் பலன் இல்லை என்று முடிவு வந்துவிட்டால்? முதலில் பழியைத் திட்டத்தின் மேல் போடாதீர்கள், ஆய்வின் மேல் போடுங்கள். 1994-இல் அந்த 0.06-ஐக் கண்டுபிடிக்கப் பணம் கொடுத்த அமெரிக்க நீதித்துறை ஆராய்ச்சி நிறுவனம், முழு அறிக்கையையும் தானே வெளியிட முன்வரவில்லை. கென்டக்கியில் ‘டேர்’ பாடம் படித்த, படிக்காத பிள்ளைகள் ஆயிரம் பேரைப் பத்து வருஷம் கழித்து, இருபது வயதில் தேடிப் பிடித்து 1999-இல் எழுதினார்கள். போதைப் பழக்கத்தில் வித்தியாசம் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த ஒரே வித்தியாசம், பாடம் படித்தவர்களின் சுயமதிப்பு கொஞ்சம் குறைவு. அப்படியானால் ஏன் இவ்வளவு பேர் இதை நம்புகிறார்கள்? அந்த ஆய்வாளர்களே சொன்ன காரணம் சாதாரணமானது. பெரும்பாலான பிள்ளைகள் எப்படியும் போதைக்கு அடிமையாவதில்லை. பாடம் நடத்தினோம், பிள்ளை நன்றாக இருக்கிறான், ஆகவே பாடம்தான் காப்பாற்றியது. இந்தத் தர்க்கத்தை உங்கள் முடிவுரைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம், மேற்கோள் குறி போட வேண்டாம். ‘டேர்’ நிர்வாகம் ஆய்வாளர்களோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிவிட்டு, 2009-இல் பாடத்திட்டத்தையே மாற்றிக்கொண்டது. டி-ஷர்ட்டில் எழுத்து அப்படியே இருக்கிறது.

பரிந்துரைகள் பகுதியில் மூன்று வரி போதும்: இதுபோன்ற நிகழ்ச்சிகளை எல்லாப் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தலாம், பெற்றோரையும் ஈடுபடுத்தலாம், மேலும் ஆய்வுகள் தேவை.

வாய்மொழித் தேர்வன்று வெளித்தேர்வாளர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், “சரிம்மா, பசங்க பழக்கத்தை விட்டாங்களா?” என்று கேட்டுவிடக்கூடும். சிலர் அப்படித்தான், வயதாகிவிட்டால் எதையும் கேட்பார்கள். பதறாமல் “அது இந்த ஆய்வின் வரம்புக்குள் வரலைங்க சார்” என்று சொல்லி, ‘ஆய்வின் வரம்புகள்’ என்று போட்டிருக்கும் பக்கத்தின் எண்ணையும் சொல்லுங்கள்.